வேலை போன அக்காவுக்கு எந்த கவுன்டர்?

(எபிசோடில் பேசியது. படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டிருக்கிறது.)

  போன வாரம் நிறைய பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க. அதுல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, லே-ஆஃப் ஆயிடுச்சு. கவர்மென்ட்ல ஏதாவது இருக்கா? ட்ரெயினிங், உதவித்தொகை, ஏதாவது?"

ஒரு வரியில பதில் சொல்லிடலாம்னு உட்கார்ந்தேன், முடியல. "இருக்கு"ன்னு சொன்னா பாதி பொய், "இல்ல"ன்னு சொன்னாலும் பாதி பொய். அதனால இன்னைக்கு முழு எபிசோடும் அதுதான். எங்க குடும்பத்துல நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். பேரு மட்டும் வேண்டாம்னாங்க.

எங்க ஊரு நரிக்குடி. விருதுநகர் மாவட்டம், திருச்சுழிக்குக் கிழக்கே. விருதுநகர்ல இருந்து மானாமதுரை போற ரயில்ல வந்தா வழியில ஒரு சின்ன ஸ்டேஷன் வரும், அதான். மழை பெஞ்சா கம்மாய்த் தண்ணியில நெல்லு, இல்லாட்டி மிளகாய், மல்லி, குதிரைவாலி. அதுவும் இல்லாட்டி சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடுறது. இந்த ஊர்ல ஒரு வீட்டுல ஒரு பிள்ளை "கம்ப்யூட்டர் வேலை"க்குப் போயிட்டா, அந்த வீட்டுக்கு அதுதான் கம்மாய். மழை வந்தாலும் வராட்டியும் மாசம் ஒண்ணாந்தேதி தண்ணி வரும்.

எங்க சித்தி மகள், எனக்கு அக்கா முறை, அப்படிப் போன முதல் ஆள். இன்ஜினியரிங் முடிச்சு, சென்னையில ஒரு கம்பெனியில டெஸ்டிங் வேலை. நான் இன்ஜினியரிங் படிச்சதே அவங்களைப் பார்த்துத்தான். கம்பெனி பேரு சொல்லமாட்டேன். 2025 ஆகஸ்ட்ல ஒருநாள் மீட்டிங்னு கூப்பிட்டிருக்காங்க. அரை மணி நேரம். "உங்களுக்கு இப்ப ப்ராஜெக்ட் இல்ல. நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும், அடுத்த இடத்துல பிரச்சனை வராது." அக்கா அங்கேயே உட்கார்ந்து போர்ட்டல்ல ரிசைன் பட்டனை அமுக்கிட்டு வந்துட்டாங்க. அப்ப வயசு 36. பதிமூணு வருஷ அனுபவம்.

வீட்டுல ரெண்டு மாசம் சொல்லல. தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்ப அப்பத்தாதான் கண்டுபிடிச்சது. "என்னத்தா, இம்புட்டு நாளு லீவு குடுத்திருக்கான்?"னு கேட்டுச்சு. அவ்வளவுதான், அக்கா அழுதுட்டாங்க.

அதுக்கப்புறம் நானும் அவங்களும் சேர்ந்து கவர்மென்ட்ல என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணாத் தேட ஆரம்பிச்சோம். அந்தத் தேடல்தான் இந்த எபிசோட்.

ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கினது

முதல்ல வேலைவாய்ப்பு அலுவலகம். நம்ம அப்பா, சித்தப்பா எல்லாரும் பத்தாவது முடிச்சதும் போய்ப் பதிஞ்சுட்டு வந்த அதே எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்தான். இப்ப அதுக்குப் பேரு மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். எங்க ஆளுங்களுக்கு அது விருதுநகர்ல. நரிக்குடியில இருந்து திருச்சுழி, அருப்புக்கோட்டை வழியாப் போகணும், ஒருநாள் பொழுது போயிடும். பதிவும் புதுப்பித்தலும் இப்ப ஆன்லைன்லயே பண்ணலாம். மூணு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கணும்.

நாங்க எந்த ஊர் அலுவலகத்துக்குப் போனோம்னு சொல்லல. அங்க இருந்த மேடம் ரொம்பத் தன்மையாப் பேசினாங்க, அவங்க மேல ஒரு குறையும் இல்ல. படிவத்துல படிப்பு இருந்துச்சு, சாதி இருந்துச்சு, வயசு இருந்துச்சு. "ஏற்கெனவே வேலையில இருந்தேன், வேலை போயிடுச்சு"ன்னு சொல்றதுக்குத்தான் இடமே இல்ல. மேடம் கேட்டாங்க: "டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறியாம்மா? இங்க இலவச வகுப்பு நடக்குது." தன்னார்வப் பயிலும் வட்டம்னு அந்த மையங்கள்ல நடக்கும். போட்டித் தேர்வு எழுதறவங்களுக்கு உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனா ஹோம் லோன் கட்டிக்கிட்டிருக்கிற 36 வயசு டெஸ்டிங் இன்ஜினியருக்கு அது பதில் இல்ல.

ரெண்டாவது, உதவித்தொகை. தமிழ்நாடு அரசு வேலையில்லாதவங்களுக்கு மாச உதவித்தொகை குடுக்குது. பத்தாவது தேறாதவங்களுக்கு 200 ரூபாய், தேறினவங்களுக்கு 300, பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூணு வருஷம் வரைக்கும். பதிவு பண்ணி அஞ்சு வருஷம் காத்திருந்திருக்கணும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72 ஆயிரத்துக்குள்ள இருக்கணும். முக்கியமான இன்னொரு விதி: பொறியியல், மருத்துவம் மாதிரி தொழில்படிப்பு படிச்சவங்களுக்கு இது கிடையாது. ஏன்னா, இந்த விதியை எழுதினப்ப இன்ஜினியருக்கு வேலை இல்லாமப் போகும்னு யாரும் நினைக்கல. எங்க அப்பத்தாவும் அப்படித்தான் நினைச்சுச்சு.

மூணாவது, இ.எஸ்.ஐ. இதுல ஒரு நல்ல திட்டம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018-ல ஆரம்பிச்சது. இ.எஸ்.ஐ.-ல இருந்தவங்களுக்கு வேலை போனா, சராசரி தினச் சம்பளத்துல பாதி, 90 நாள் வரைக்கும், வாழ்நாள்ல ஒருதடவை கிடைக்கும். ஆனா மாசம் 21 ஆயிரத்துக்குள்ள சம்பளம் வாங்கறவங்களுக்குத்தான் இ.எஸ்.ஐ.யே. அக்கா அதைத் தாண்டி எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பி.பி.ஓ.ல, கஸ்டமர் சப்போர்ட்ல, டேட்டா என்ட்ரியில 17, 18 ஆயிரத்துக்கு வேலை பார்த்தவங்க இந்த எபிசோடைக் கேட்டுக்கிட்டிருந்தா, உங்க பே-ஸ்லிப்பை எடுத்துப் பாருங்க. இ.எஸ்.ஐ. பிடிச்சிருந்தா, உங்களுக்கு இது பொருந்துதான்னு பக்கத்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துல நேர்ல போய்க் கேளுங்க.

நாலாவது, ட்ரெயினிங். தமிழ்நாட்டுல இப்ப திறன் பயிற்சின்னு சொன்னாலே "நான் முதல்வன்"தான். 2022 மார்ச் 1-ம் தேதி தொடங்கினது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துது. கல்லூரியில படிக்கிற பசங்களுக்கு அது எவ்வளவு உதவியிருக்குன்னு எனக்கே தெரியும், எங்க ஊர்ப் பிள்ளைகள் அதுல கோர்ஸ் முடிச்சு இன்டர்வியூக்குப் போயிருக்காங்க. ஆனா அது முக்கியமா மாணவர்களுக்கு. படிச்சு முடிச்சவங்களுக்காக 2025 ஜூலையில "வெற்றி நிச்சயம்"னு ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க. வேலையில்லாத இளைஞர்களுக்குக் குறுகியகாலப் பயிற்சி. வயசு 18-ல இருந்து 35 வரைக்கும். அக்காவுக்கு 36.

எண்ணிப் பாருங்க. படிப்பு அதிகம்னு ஒண்ணு போச்சு. சம்பளம் அதிகம்னு ஒண்ணு போச்சு. வயசு ஒண்ணு கூடன்னு ஒண்ணு போச்சு. வேலை தேடற புது ஆளுன்னா ஒரு கவுன்டர் இருக்கு. ரொம்ப ஏழைன்னா ஒரு கவுன்டர் இருக்கு. பதிமூணு வருஷம் வரி கட்டிட்டு நடுவுல கீழ விழுந்தவங்களுக்குன்னு தனியா ஒரு கவுன்டரை நாங்க எங்கயும் பார்க்கல.

இந்த ஆபீஸ் யாருக்காக ஆரம்பிச்சது?

இதைத் தேடிக்கிட்டிருந்தப்ப ஒரு விஷயம் படிச்சேன், ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன். இந்தியாவுல எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் அமைப்பு 1945-ல, ரெண்டாம் உலகப்போர் முடியற நேரத்துல உருவாச்சு. எதுக்கு? போருக்காக லட்சக்கணக்குல பட்டாளத்துல சேர்த்தவங்களை இனி வீட்டுக்கு அனுப்பப்போறாங்க. போர்க்காலத் தொழிற்சாலைகள்ல இருந்தவங்களையும் அனுப்பப்போறாங்க. அவங்களுக்கு வேற வேலை பார்த்துக் குடுக்க, மறுவாழ்வு அமைச்சுக் குடுக்க ஆரம்பிச்சதுதான் அது. பிரிவினை வந்தப்ப அகதிகளுக்கும் அந்த அலுவலகங்கள் உதவினாங்க. 1948 வாக்குலதான் எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க. 1956 நவம்பர்ல நிர்வாகம் மாநிலங்கள் கைக்கு வந்துச்சு.

அதாவது, வேலையில இருந்து அனுப்பப்பட்டவங்களுக்காகவே உருவான ஆபீஸ் அது. அப்புறம் பத்தாவது முடிச்சதும் பதிஞ்சு வைக்கிற இடமா மாறிப்போச்சு. இதை ஏன் சொல்றேன்னா, "லே-ஆஃப் ஆனவங்களுக்குத் தனி சேவை"ன்னு நாம கேட்டா, ஏதோ புதுசா வெளிநாட்டுல இருந்து இறக்குமதி பண்ணச் சொல்ற மாதிரி பார்ப்பாங்க. அப்படி இல்ல. அந்த ஆபீஸ் பண்ண வந்த முதல் வேலையே அதுதான்.

அதுக்கப்புறமும் முயற்சி நடந்திருக்கு. எங்க பக்கத்துல அருப்புக்கோட்டை நெசவுக்கும் நூற்பாலைக்கும் பேர்போன ஊரு. மில்லு மூடினா என்ன ஆகும்னு எங்க ஆளுங்களுக்குப் புதுசாச் சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல. 1986-ல மத்திய அரசு, நிரந்தரமா மூடின நூற்பாலைத் தொழிலாளர்களுக்காக ஒரு மறுவாழ்வு நிதித் திட்டம் கொண்டுவந்துச்சு. முதல் வருஷம் சம்பளத்துல 75 சதவீதம், ரெண்டாவது வருஷம் 50, மூணாவது வருஷம் 25. தகுதி விதிகள் நிறைய. ஆனா யோசனையைப் பாருங்க: ஒருத்தன் விழுந்தா ஒரேயடியா விடாம, மூணு வருஷத்துல படிப்படியாக் கீழ இறக்கி விடறது. அந்தத் திட்டத்துல இருந்த யோசனை, இன்னைக்கு ஓ.எம்.ஆர்.ல வேலை போறவங்களுக்கு யாரும் யோசிக்கல.

1992-ல தேசியப் புதுப்பிப்பு நிதின்னு ஒண்ணு வந்துச்சு. தாராளமயமாக்கல்ல வேலை போறவங்களுக்கு நஷ்டஈடு, மறுபயிற்சி, புது வேலைன்னு பெரிய நோக்கம். நடந்தது என்னன்னா, பணத்துல பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்கள்ல விருப்ப ஓய்வு குடுக்கறதுக்கே போச்சு. மறுபயிற்சிக்குப் போனது கொஞ்சம்தான். ஆளை வெளியே அனுப்பறதுக்கு ஆன செலவு, வெளியே போனவனைத் தூக்கிவிட ஆகல.

நம்ம கண்ணு முன்னாடி நடந்தது ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா. 2006-ல உற்பத்தி தொடங்கி, உலகத்துலயே பெரிய போன் ஆலைகள்ல ஒண்ணுன்னு பேர் வாங்கி, 2014 நவம்பர் 1-ல நின்னுபோச்சு. ஆயிரக்கணக்கான பேர், அதுல நிறைய பேரு இருபது, இருபத்திரெண்டு வயசுப் பொண்ணுங்க, வெளி மாவட்டத்துல இருந்து வந்தவங்க. பெரும்பாலானவங்க விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிட்டுக் கிளம்பினாங்க. கையில ஒரு தொகை இருந்துச்சு. ஆனா எட்டு வருஷம் போன் அசெம்பிளி பண்ணின கை, அடுத்து எந்த மெஷின்ல உட்காரணும்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல? இன்னைக்கு அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துல போன் உற்பத்தி மறுபடி பெருசா நடக்குது. நடுவுல போன அந்த வருஷங்களுக்கு யாரு பதில் சொல்றது?

ரிசைன் பட்டன்

இப்ப உங்களுக்கு நேரடியா உபயோகமான விஷயத்துக்கு வர்றேன். இதை மட்டுமாவது நண்பர்களுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க.

2025 ஜூலையில டி.சி.எஸ். தன்னோட உலக ஊழியர்கள்ல சுமார் 2 சதவீதம், அதாவது 12 ஆயிரத்துச் சொச்சம் பேரைக் குறைக்கப்போறதா அறிவிச்சாங்க. அக்கா வேலை பார்த்தது அது இல்ல, வேற நிறுவனம். நான் சொல்ல வர்றது, அறிவிச்சு நடக்கறதும் உண்டு, அறிவிக்காம ஒவ்வொருத்தரா ரூமுக்குக் கூப்பிட்டு நடக்கறதும் உண்டு. ரெண்டாவதுல "ஆட்குறைப்பு"ன்னு ஒரு வார்த்தையே எங்கயும் பதிவாகாது. எல்லாரும் "தானா" ராஜினாமா பண்ணினவங்க.

சட்டம் என்ன சொல்லுது? 2025 நவம்பர் வரைக்கும் அமல்ல இருந்த 1947-ம் வருஷத்துத் தொழிற்தகராறுச் சட்டப்படி, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு பண்ணினா, ஒரு மாச நோட்டீஸ் அல்லது அதுக்கான சம்பளம், அதோட வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் குடுக்கணும். "நாமதான் தொழிலாளி இல்லையே, இன்ஜினியராச்சே"ன்னு தோணும். தப்பு. நிர்வாகப் பொறுப்புல இருக்கறவங்க தொழிலாளி வரையறைக்குள்ள வரமாட்டாங்க, அது சரி. ஆனா விசிட்டிங் கார்டுல என்ன பேர் போட்டிருக்குன்னு இல்ல, உண்மையில என்ன வேலை பார்த்தீங்கங்கறதுதான் கணக்கு. கோடு எழுதறதும் டெஸ்ட் கேஸ் ஓட்டறதும் நிர்வாகம் ஆயிடாது. 2014 கடைசியில சென்னையில ஐ.டி. ஆட்குறைப்பு நடந்தப்ப இந்தச் சண்டை பெருசா வந்துச்சு. 2015 ஜனவரியில ஒரு கர்ப்பிணி ஊழியரை வேலையைவிட்டு எடுக்கறதுக்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை குடுத்துச்சு. 2016-ல தமிழ்நாடு அரசே, ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், தொழிலாளர் சட்டம் அவங்களுக்கும் உண்டுன்னு தெளிவுபடுத்துச்சு.

இப்ப புதுசு. 2025 நவம்பர் 21-ல இருந்து நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துடுச்சு. அதுல தொழில் உறவுகள் சட்டத்துல மறுதிறன் நிதின்னு ஒரு பிரிவு இருக்கு. ஆட்குறைப்பு செய்யப்படற ஒவ்வொரு தொழிலாளிக்கும், அவர் கடைசியா வாங்கின ஊதியத்துல 15 நாளுக்கு உண்டானதை முதலாளி அந்த நிதிக்குக் கட்டணும். அது 45 நாளுக்குள்ள அந்தத் தொழிலாளி கணக்குல சேரணும். இது இழப்பீட்டுக்கு மேல தனி. "ஊதியம்"னா உங்க மொத்த சி.டி.சி. இல்ல, சட்டம் சொல்ற கணக்கு வேற. ஆக ஏறக்குறைய அரை மாசக் காசு. ஒரு நல்ல கோர்ஸுக்கே பத்துமாங்கறது சந்தேகம்தான். ஆனா வேலை போனவங்க மறுபடி கத்துக்கறதுக்கு முதலாளியும் பொறுப்புன்னு சட்டப் புத்தகத்துல எழுதியாச்சு. அது சின்ன விஷயம் இல்ல.

ஆனா இது எல்லாமே "ஆட்குறைப்பு" ஆனவங்களுக்கு. தானா விலகினவங்களுக்கு இல்ல. அந்த ரிசைன் பட்டனை அமுக்கின நிமிஷம், நோட்டீஸ் சம்பளம், வருஷத்துக்கு 15 நாள், இப்ப இந்த மறுதிறன் நிதி, எல்லாத்தையும் நம்ம கையாலயே தள்ளிவிட்ட மாதிரி ஆயிடும். அக்கா விஷயத்துல பதிமூணு வருஷம். அந்த நிறுவனத்துல மட்டும் ஒன்பது. ஒன்பது பதினைஞ்சு 135 நாள். நாலரை மாச ஊதியம். கட்டாயப்படுத்தித்தான் வாங்கினாங்கன்னு போய் நிரூபிக்கலாம், வழி இருக்கு, ஆனா அது நீண்ட வழி.

அக்காகிட்ட "ஏன் அப்பவே எனக்கு ஒரு போன் பண்ணல?"ன்னு கேட்டேன். "அசிங்கமா இருந்துச்சுடா"ன்னாங்க. அவ்வளவுதான் பதில். அந்த ரூமுக்குள்ள நடக்கறது முழுக்க அந்த அசிங்கத்தை நம்பித்தான் நடக்குது.

அதனால, கூப்பிட்டாங்கன்னா இதைச் செய்ங்க. அங்கேயே எதுவும் கையெழுத்து போடாதீங்க, எந்தப் பட்டனும் அமுக்காதீங்க. "எழுத்துல குடுங்க, ரெண்டுநாள் யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்லுங்க. ஆபர் லெட்டர், பே-ஸ்லிப், அப்ரைசல் எல்லாம் உங்க சொந்த நகலா இருக்கட்டும். அக்சஸ் போனதுக்கப்புறம் எடுக்க முடியாது. கம்பெனி கோடு, கிளையன்ட் ஃபைல் எதையும் தொடாதீங்க, அது உங்களுக்கே வினையா முடியும். ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலையோ, ஐ.டி. ஊழியர் சங்கத்தையோ கேளுங்க. தொழிலாளர் துறை அலுவலகத்துல மனு குடுக்கறது கேவலம் இல்ல. மில்லுத் தொழிலாளி பண்ணினதைத்தான் நாமளும் பண்றோம்.

சிங்கப்பூரும் நரிக்குடியும்

வெளிநாட்டுல எப்படின்னு கேப்பீங்க. எங்க ஊர்ப்பக்கத்துல இருந்து சிங்கப்பூர் போனவங்க நிறைய, அதனால அதையே சொல்றேன். அங்க 2015-ல இருந்து ஸ்கில்ஸ்பியூச்சர்னு ஒரு திட்டம். 25 வயசு ஆன ஒவ்வொரு குடிமகனுக்கும் பயிற்சிக்குன்னு 500 டாலர் கணக்குல வச்சாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து இன்னொண்ணு: தன் விருப்பம் இல்லாம வேலை இழந்தவங்களுக்கு, வருமான வரம்புக்குள்ள இருந்தா, ஆறு மாசத்துல 6,000 சிங்கப்பூர் டாலர் வரைக்கும். சும்மா இல்ல. வேலைக்கு விண்ணப்பிக்கணும், ஆலோசகரைப் பார்க்கணும், பயிற்சிக்குப் போகணும். காசு, பயிற்சி, வேலை தேடல் மூணும் ஒரே கவுன்டர்ல.

சிங்கப்பூர் பணக்கார நாடு, அது நம்ம ஆளுங்க வொர்க் பெர்மிட்ல போனவங்களுக்கு இல்லங்கறதும் உண்மை. நான் காசைக் காப்பியடிக்கச் சொல்லல. அந்த மூணையும் ஒரே இடத்துல வச்ச யோசனையைச் சொல்றேன். நம்மகிட்ட மூணும் மூணு துறையில கிடக்குது.

நம்மகிட்ட என்ன இல்லாமலா இருக்கு? பாருங்க. தமிழ்நாட்டுல 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸோட சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய்ல நவீனமாக்கற திட்டம் போட்டாங்க. ரோபோ, சி.என்.சி., மின்வாகனம்னு மெஷின் எல்லாம் இருக்கு. ஐ.டி.ஐ.ன்னா பத்தாவது முடிச்ச பையனுக்குன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். பத்து வருஷம் சாப்ட்வேர் டெஸ்டிங் பண்ணின ஒருத்தர் அந்த ஷெட்டுக்குள்ள சாயங்கால வகுப்பு மூணு மாசம் போனா, தொழிற்சாலை ஆட்டோமேஷன் பக்கம் திரும்ப முடியும். விருதுநகர் பக்கத்துல இ. குமாரலிங்கபுரத்துல 1,052 ஏக்கர்ல பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருது. அங்க தறி மட்டும் ஓடாது, தறியைக் கண்காணிக்கிற சாப்ட்வேரும் ஓடும். விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடின்னு சின்ன ஊர்கள்ல டைடல் நியோ கட்டடங்கள் வந்தாச்சு. சொந்தமாத் தொழில் பண்ணணும்னா, படிச்ச முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் திட்டத்துல மூலதன மானியம் உண்டு, பயிற்சியும் உண்டு. வயசு வரம்பு பிரிவுக்குப் பிரிவு மாறும், மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க.

உள்ளாட்சிக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கலாம். அரசியலமைப்போட பதினோராவது அட்டவணையில பஞ்சாயத்துகளுக்குன்னு 29 விஷயங்கள் இருக்கு. அதுல ஒண்ணு தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும். நரிக்குடி ஊராட்சி ஒன்றியத்துக்கும் அது பொருந்தும். யாராவது கிராமசபையில இதைப் பத்திப் பேசிக் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல. தெருவிளக்கு, தண்ணி, நூறு நாள் வேலை, அதோட முடிஞ்சுடும். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனா வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளை சென்னை, பெங்களூர்னு இருக்கிற காலத்துல, அந்தப் பிள்ளை வேலை போய்த் திரும்பி வந்தா இந்த ஒன்றியத்துல என்ன இருக்குங்கறதும் ஊர்ப் பிரச்சனைதான்.

நான் கேட்கறது பெருசு இல்ல. ஒண்ணு, வேலைவாய்ப்பு மையப் படிவத்துல "வேலை இழந்தவர்"னு ஒரு கட்டம். எத்தனை பேருன்னு எண்ணாம எந்தத் திட்டமும் போட முடியாது. ரெண்டு, திறன் பயிற்சிக்கு 35-ங்கற வயசு வரம்பை, அனுபவம் இருந்து வேலை இழந்தவங்களுக்கு மட்டுமாவது தளர்த்தணும். 36 வயசுல பிள்ளைக்கு ஃபீஸ் கட்டறவங்களுக்குத்தான் அவசரம் அதிகம். மூணு, வாரத்துல ஒருநாள் ஒன்றிய அலுவலகத்துல ஒரு மேசை. ஒருத்தர் உட்கார்ந்து, உங்க உரிமை இது, உங்களுக்குப் பொருந்தற பயிற்சி இது, இந்த இடத்துல ஆள் எடுக்கறாங்கன்னு மூணையும் சேர்த்துச் சொன்னா போதும். விருதுநகர் போய்த் தெரிஞ்சுக்கறதை நரிக்குடியிலயே தெரிஞ்சுக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். பயிற்சி மட்டும் குடுத்தா வேலை வந்துடாது. வேலை போனவங்களைக் குறிவைச்சு "ஏ.ஐ. கோர்ஸ், நூறு சதவீத பிளேஸ்மென்ட்"னு ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் வாங்கற ஆளுங்க நிறைய இருக்காங்க. அரசுப் பயிற்சியோ தனியார் பயிற்சியோ, போறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: "போன பேட்ச்ல படிச்ச ரெண்டு பேர் நம்பர் குடுங்க, அவங்க இப்ப எங்க வேலை பார்க்கறாங்க?" மழுப்பினா எழுந்து வந்துடுங்க.

அக்கா இப்ப என்ன பண்றாங்கன்னு கேப்பீங்க. பழைய டீம்ல இருந்த ஒரு தோழி மூலமா ஒரு கான்ட்ராக்ட் டெஸ்டிங் வேலை கிடைச்சிருக்கு. பழைய சம்பளத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆறு மாசம்தான், அப்புறம் பார்க்கணும். வீட்டுல இருந்தே செய்யலாம்னாங்க, அதனால சென்னை வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, இப்போதைக்கு சித்தி வீட்டுல இருக்காங்க. மத்தியானம் கரண்ட் போனா போன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டறாங்க. எந்த ஆபீஸும் அந்த வேலையை வாங்கித் தரல. தோழி வாங்கித் தந்தது. தோழி இல்லாதவங்க கதிதான் எனக்குக் கவலை.

போன மாசம் நான் ஊருக்குப் போயிருந்தப்ப, பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் அக்காவைத் தேடி வந்தான். பெங்களூர்ல வேலை, எச்.ஆர். மறுநாள் கூப்பிட்டிருக்காங்களாம், என்ன பண்றதுன்னு கேட்டான். அக்கா லேப்டாப்பை மூடி வச்சுட்டுத் திண்ணையில அவனை உட்கார வச்சு, ஒரு மணி நேரம் பேசினாங்க. என்ன கேட்கணும், எதுல கையெழுத்து போடக்கூடாது, எதை எழுத்துல வாங்கணும், எல்லாம். அப்பத்தா மோர் கொண்டுவந்து குடுத்துச்சு.

நான் கேட்ட அந்த மேசை இப்போதைக்கு அந்தத் திண்ணைதான். அதை ஒன்றிய அலுவலகத்துக்குள்ள கொண்டுபோக, அடுத்த கிராமசபையில ஒரு மனு குடுக்கறதா நானும் அக்காவும் பேசி வச்சிருக்கோம். உங்க ஊர்லயும் குடுங்க. மனு எப்படி எழுதறதுன்னு அடுத்த எபிசோட்ல வாசிச்சுக் காட்டறேன்.

இந்த வாரம் யாருக்காவது வேலை போயிருந்தா, முதல்ல வீட்டுல சொல்லிடுங்க. ரெண்டு மாசம் தனியாத் தூக்கிச் சுமக்காதீங்க. பார்ப்போம் மக்களே, வணக்கம்.